கணக்கில் வராத கை

“உங்க கை எங்க கணக்குலயே இல்லைங்க மேடம்.”

நகராட்சிப் பாதை அதிகாரி லோகநாதன் இதைச் சொன்னதில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. ரேஷன் கடையில் பாமாயில் இன்னும் வரவில்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் அறிவுக்கொடிக்குச் சுருக்கென்றது.

“கணக்குல இல்லன்னா என்ன அர்த்தம்? தினம் காலையில ஆறே முக்காலுக்கு அகரம்தென்னுல சைக்கிள் எடுக்கிறேன். ஏழரைக்கு மேடவாக்கத்துல கம்பெனி வாசல்ல விடுறேன். ரெண்டு வருஷமா. அதெல்லாம் யாரு கையாம்?”

“உங்க கைதான். பதிவாகுது. ஆனா செங்கல்மேட்டு வளைவுல மட்டும் மிஷின் அதை ஒதுக்கி வச்சிடுது.”

பாதை அலுவலகத்தின் சுவரில் ஆள் உயரத்துக்குத் திரை. அதில் தாம்பரம் தொடங்கி மேடவாக்கம் வரைக்கும் புறநகர் முழுக்கப் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள். திரைக்கு மேலே பெரிய எழுத்தில், ‘உங்கள் கைக்குத் தெரியும்’.

லாரியும் அரசாங்க ஜீப்பும் தவிர மற்ற பெட்ரோல், டீசல் வண்டிகள் புறநகரை விட்டுப் போய் ஆறு வருஷமாகிவிட்டது. அதற்குப் பதிலாக நகராட்சி சைக்கிள்கள் வந்தன. அந்தச் சைக்கிள்களின் கைப்பிடியில் வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். ஓட்டுகிறவரின் உள்ளங்கை எங்கே வியர்க்கிறது, எங்கே இறுக்குகிறது, எங்கே நடுங்குகிறது என்பதையெல்லாம் அந்தத் தோல் படித்துக்கொண்டே வரும். ஆயிரக்கணக்கான கைகள் இறுகுகிற தெரு வரைபடத்தில் சிவப்பாகும். தளர்கிற தெரு பச்சையாகும். இதற்குக் கைவழி என்று பெயர். யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்கவேண்டாம், படிவம் நிரப்பவேண்டாம். கைவழி வந்தபின் புறநகர் சாலைகளில் சைக்கிள்காரர்கள் சாவது பாதியாகக் குறைந்திருந்தது. அதை அறிவுக்கொடியும் மறுக்கமாட்டாள்.

“எதுக்கு சார் ஒதுக்குது?”

“அந்த வளைவுல ஒரு நாளைக்கு மூவாயிரம் கை போகுது. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு கை அங்க தளருது மேடம். பூங்காவுல உக்காந்து கடலை கொறிக்கிறவங்க கை மாதிரி. நீங்களும் இன்னும் கொஞ்சம் பேரும்தான் இறுக்கிப் பிடிக்கிறீங்க. ஊரே ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். அதனால உங்களுக்குப் பயந்த சுபாவம்னு மிஷின் எடுத்துக்குது.”

“நான் செக்கிங்ல இருக்கேன் சார். ஆயிரம் சட்டை ஒரே மாதிரி வந்து ஒண்ணு மட்டும் வேற மாதிரி வந்தா, அதை எடுத்து ஓரமாப் போடமாட்டோம். அதைத்தான் வெளிச்சத்துல பிரிச்சுப் பாப்போம்.”

அறிவுக்கொடி பைக்குள் கைவிட்டு ஒரு பொருளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அப்பளம் போலத் தட்டையாக இருந்தது. ஓரத்தில் காய்ந்துபோன லெமன் சாதம் இரண்டு பருக்கை.

“இது பரிமளத்தோடது. என்கூட வேலை செய்யறா. கல்குவாரி லாரியோட பின் சக்கரம், போன வெள்ளிக்கிழமை, அதே வளைவுல. கேரியர்ல மாட்டியிருந்த பை போச்சு, அவ பொழச்சா. ஒரு ஜாண் தள்ளி இருந்திருந்தா நான் அவளையே பையில போட்டு எடுத்துட்டு வந்திருக்கணும்.”

அவர் டிபன் பாக்ஸைத் தொடாமல் பார்த்தார். பிறகு திரையில் எதையோ தேடினார். “வெள்ளிக்கிழமை, ஏழு பன்னெண்டு. இதோ அவங்க கை.” அவர் குரல் இறங்கியது. “மேடம், லாரி உரசுறதுக்கு மூணு செகண்ட் முன்னாடி வரைக்கும் அவங்க கை தளர்ந்துதான் இருக்கு.”

“பைத்தியமா அவ?”

“அதான் எனக்கும் புரியல.”

“பழைய விபத்துக் கணக்க எடுத்துப் பாருங்களேன்.”

“அந்த வளைவு ரெண்டு போலீஸ் ஸ்டேஷன் எல்லையில இருக்கு. இவங்க அவங்களுதுன்னு விடுறாங்க, அவங்க இவங்களுதுன்னு விடுறாங்க. ஏட்டுல ஒண்ணும் இல்ல.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்ககிட்ட மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. வியாழக்கிழமை மத்தியானம் ஆணையர் கையெழுத்து போடப்போறார். செங்கல்மேட்டு ரோடு நிரந்தரப் பச்சை. ஏழு ஊர் சைக்கிள் அந்த வழியாத் திரும்பும். பொண்ணுங்க ஸ்கூல் சைக்கிளும் சேர்த்து அஞ்சாயிரம். சிவப்பு ரோட்டுலதான் காலையில லாரிய நிறுத்துவோம். பச்சைன்னா நிறுத்த வேண்டியதில்ல.”

இன்றைக்குத் திங்கள்கிழமை.

*

“போனியே, என்ன சொன்னான் அந்த ஆபீசர்?” மறுநாள் காலை சைக்கிள் நிறுத்தத்தில் பரிமளம் கேட்டாள். புது டிபன் பாக்ஸைத் துணியில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தாள்.

“உன் கை பூங்காவுல கடலை கொறிக்குதாம்.”

“என்னாது?”

“அந்த வளைவுல உனக்குப் பயமே கிடையாதாம். நான்தான் பயந்தாங்கொள்ளியாம்.”

“அதுல என்ன தப்பு? உண்மையத்தான் சொல்லியிருக்கு மிஷின்.” பரிமளம் சிரித்துக்கொண்டே ஏறி மிதித்தாள். “வா, வா. ஏழரை தாண்டினா அரை நாள் போயிடும்.”

வழக்கம்போலப் பரிமளம் முன்னால், அறிவுக்கொடி பின்னால், அவர்களுக்குப் பின்னால் நீளமாகப் பெண்கள் கூட்டம். மப்பேடு தாண்டியதும் சாலை ஒடுங்கும். இடது பக்கம் மூடிக்கிடக்கும் பழைய செங்கல் சூளையின் உயரமான மதில். அந்த மதிலுக்குப் பின்னாலிருந்துதான் கல்குவாரி சாலை வந்து சேர்கிறது. லாரி வருவது கண்ணுக்குத் தெரியாது. ஹாரன் கேட்கும்போது லாரியும் வந்துவிடும். மதில் முடிகிற இடத்துக்கு எதிர்ப்பக்கம், புங்கமரத்தடியில், இடுப்பு உயரத்துக்கு ஒரு மாடம். அதில் சூலமும் காய்ந்த எலுமிச்சம்பழமுமாக முனீஸ்வரன்.

அறிவுக்கொடி இரண்டு கையாலும் பிடியை இறுக்கினாள். கண் பரிமளத்தின் முதுகிலேயே இருந்தது. பூங்காவாம், கடலையாம்!

பரிமளத்தின் வலது கை பிடியிலிருந்து எழுந்தது. நெற்றியைத் தொட்டது, நெஞ்சைத் தொட்டது, உதட்டுக்குப் போய் ஒரு முத்தம் வாங்கிக்கொண்டு பிடிக்குத் திரும்பியது.

அறிவுக்கொடி திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்தவளின் கை எழுந்தது. அதற்குப் பின்னால் வந்தவளுடையதும். வரிசையாக, வயலில் நாற்று காற்றுக்குச் சாய்வது போல, ஒவ்வொரு கையாகப் பிடியை விட்டு எழுந்து இறங்கிக்கொண்டே வந்தது.

ரெண்டு வருஷமாகத் தினமும் பார்த்ததுதான். ஆனால் இன்றைக்குத்தான் பார்த்தாள்.

“ஐயையோ!” என்று கத்திக்கொண்டே பிரேக் பிடித்தாள். பின்னால் வந்த மூன்று சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று முட்டின.

“என்னடி ஆச்சு? லாரியா?”

“லாரி இல்ல, கை! கைய எடுத்துட்டீங்கடி எல்லாரும்! மிஷினுக்கு என்ன தெரியும், சாமி கும்பிடுறீங்கன்னு? பயம் இல்லாம கைய விட்டுட்டு ஓட்டறீங்கன்னு நெனைக்குது!”

“காலங்காத்தால இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு,” என்றாள் முட்டிக்கொண்டவர்களில் ஒருத்தி.

*

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆலையிலிருந்தே லோகநாதனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை.

“சார்? இருக்கீங்களா?”

“இருக்கேன். என் தலையில நானே அடிச்சிக்கிட்டேன், அதான் சத்தம் வரல. மேடம், இந்த மிஷின் வெளிநாட்டுல படிச்சது. அந்த ஊர்ல ஒருத்தன் சைக்கிள் பிடியிலிருந்து கைய எடுத்தான்னா, மூக்கைச் சொறியறான், இல்ல எதிர்ல வர்ற சிநேகிதனுக்குக் கையாட்டுறான். அதாவது நிம்மதியா இருக்கான். அதைத்தான் அதுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க. நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன். தினம் ஜீப்புல போறப்ப நானும்தான் கன்னத்துல போட்டுக்கறேன். எனக்குத் தோணவே இல்ல பாருங்க.”

“இப்பத் தோணிடுச்சே. மாத்துங்க.”

“மறுபடி சொல்லிக்குடுக்க ஒரு மாசம் ஆகும். நமக்கு நாளைக்கு ஒரு நாள்தான். ஆணையர்கிட்ட வாய்க்கதை எடுபடாது. ஒரே காலையில, முந்நூறு பேருக்காவது, அந்த வளைவுல ரெண்டு கையும் பிடியில இருக்கணும். அப்போ வர்ற கணக்கை அவர்கிட்ட காட்டினா நிறுத்திடுவார்.”

“முந்நூறு பேரா? எங்க கம்பெனியிலயே முந்நூத்தி நாப்பது இருக்கோம்.”

“இருக்கீங்க சரி. யாரும் கும்பிடாதீங்கன்னு சொல்லப்போறது யாரு? நீங்களா?” அவர் சிரிப்பை அடக்கிக்கொள்வது போனிலேயே தெரிந்தது. “அறிவுக்கொடிங்கற பேர்லயா?”

அதுதான் சிக்கல். அவள் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். வீட்டில் சாமி படம் என்று ஒன்று மாட்டியதில்லை. கோயில் வாசலில் அவள் கை குவிந்ததை இந்த ஆலையில் யாரும் பார்த்ததும் இல்லை.

ஆனாலும் சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சுமேல் ஏறி நின்று சொல்லத்தான் சொன்னாள். நாளைக்கு ஒரே ஒரு நாள், வளைவில் கை எடுக்காமல் வாருங்கள் என்று. சொல்லி முடிப்பதற்குள் கூடம் கொதித்தது.

“பாத்தியா, கடைசியில கறுப்புச் சட்டை வெளிய வந்துடுச்சு!”

“நீ கும்பிடலன்னா போ. எங்களை ஏன் இழுக்கற?”

“முனி கண்ணைத் தொறந்தா உங்க மிஷினா வந்து காப்பாத்தும்?”

பரிமளம் எழுந்து நின்றாள். அவள் எழுந்தால் மற்றவர்கள் கொஞ்சம் அடங்குவார்கள். “அறிவு, நீ நல்லதுக்குத்தான் சொல்ற. எனக்குத் தெரியும். ஆனா நாலு வருஷமா இந்தக் கையிலதான் நாங்க அந்த வளைவத் தாண்டறோம். வெள்ளிக்கிழமை லாரி என் பையோட விட்டுச்சே, ஏன் விட்டுச்சு? கும்பிட்டதாலதான. அந்த ஒரு கைய மட்டும் கேக்காத.”

அறிவுக்கொடிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“கும்பிடா அது? ஓடற சைக்கிள்ல, ஒத்தக் கையில, மூஞ்சியக்கூடத் திருப்பாம, ஈ ஓட்டற மாதிரி! ஒரு மேனேஜர் எதுக்க வந்தாலே இறங்கி நிக்கறீங்க. உசுரக் காப்பாத்தற சாமிக்கு இதானா மரியாதை? சாமி இல்லன்னு சொல்ற எங்கப்பாகூட இவ்வளவு அவமானப்படுத்தினது இல்லடி!”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு பெஞ்சுக்குப் பெஞ்சு தொற்றியது.

பரிமளம் சிரிக்கவில்லை. யோசித்தாள். “அதுவும் நியாயம்தான்,” என்றாள் மெதுவாக. “இறங்கித்தான் கும்பிடணும்.”

“இறங்கியா?”

“ஆமா. வளைவுக்கு முன்னாடியே இறங்கி, செருப்பக் கழட்டி, ரெண்டு கையாலும் நல்லாக் கும்பிட்டுட்டு, அப்புறம் ஏறி ஓட்டலாம். சாமிக்கும் குறையில்ல. உன் மிஷினுக்கும் குறையில்லல்ல?”

அறிவுக்கொடி பெஞ்சிலிருந்து குதித்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலமே இரண்டு பேருமாகப் போய்ப் பூசாரி ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். பகலில் அவர் தண்ணீர் கேன் போடுகிறவர். கேனைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டார்.

“எத்தினி பேரு?”

“முந்நூத்தி நாப்பது.”

கேன் நழுவிவிட்டது. “ஆடி மாசத்துலகூட அம்பது தாண்டினது இல்லம்மா! யாரு ஏற்பாடு?”

“இவதான்,” என்று பரிமளம் காட்டினாள். பூசாரி அறிவுக்கொடியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்கப்பா மீட்டிங் போட்டு என்னைத் திட்டாத வருஷம் கிடையாது,” என்றார். “பரவால்ல. ஆறரைக்கே கற்பூரம் ஏத்தி வச்சிடறேன்.”

*

புதன்கிழமை காலை செங்கல்மேடு திருவிழாக் கோலத்தில் இருந்தது. மதிலோரம் முழுக்க சைக்கிள்கள் ஸ்டாண்டு போட்டு நின்றன. செருப்புகள் குவிந்தன. யாரோ பூ கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பூசாரி புது வேட்டியில் வியர்த்து வழிந்தபடி எல்லோருக்கும் திருநீறு கொடுத்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு சுண்டல் வண்டிகூட வந்து நின்றது.

“வரிசையா ஏறுங்க! ரெண்டு கையும் பிடியில! கும்பிட்டாச்சு, மறுபடி கும்பிடக்கூடாது!” அறிவுக்கொடி தொண்டை கிழியக் கத்தினாள். சாமி கும்பிட வரிசை கட்டுகிற தன்னை அப்பா பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

பரிமளம்தான் முதலில் ஏறினாள். நெற்றி நிறையத் திருநீறு. இரண்டு கையும் பிடியில். பத்து மிதி மிதித்தாள். மதில் முடியும் இடம் வந்தது. மதிலுக்குப் பின்னால் ஹாரன் அடித்தது.

கை எடுக்க வேலை இல்லை. கண் மாடத்துக்குப் போக வேலை இல்லை. முதல் தடவையாக அவள் லாரி வருகிற பக்கம் பார்த்தாள்.

மஞ்சள் முகத்தோடு, ஜல்லி ஏற்றி, சாலையை முழுதாக அடைத்துக்கொண்டு அது வந்தது. முன் சக்கரம் அவள் தோள் உயரம் இருந்தது. பரிமளம் சைக்கிளை ஓரத்து மண்ணில் இறக்கினாள். லாரி புழுதி கிளப்பிப் போயிற்று. அவள் வளைவைத் தாண்டினாள். தாண்டியதும் இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அறிவுக்கொடி ஓடி வந்தாள். “அடிபட்டுச்சா? எங்க?”

“இவ்ளோ பெருசாடி அது?” பரிமளம் லாரி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாலு வருஷமா இதுக்குப் பக்கத்துலயா போயிட்டிருந்தேன்?”

“தெனமும்தான்.”

“நான் பாத்ததே இல்லடி. ஹாரன் கேக்கும். கை தானா எழுந்திடும், கண் தானா அந்தப் பக்கம் போயிடும். அவ்ளோதான். பாத்திருந்தா மறுநாள் வந்திருப்பேனா?” அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நனைந்து சொட்டியது. பிடியின் வரி அச்சு அச்சாகப் பதிந்திருந்தது. “இனிமே எப்படிடி தெனம் வருவேன்? நேத்து வரைக்கும் நிம்மதியா வந்தேனே. அதையும் எடுத்துட்டியே.”

இதை அறிவுக்கொடி எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஈரக் கையைத் தன் முந்தானையில் துடைத்துவிட்டாள். ஒவ்வொருத்தியாக வளைவைத் தாண்டி வந்தார்கள். முகம் வெளிறி வந்தவர்கள் சிலர். கண்டபடி லாரிக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தவர்கள் பலர். திட்டுகிற சத்தம் கூடிக்கொண்டே போயிற்று.

ஏழு இருபதுக்குப் போன் அடித்தது.

“மேடம்! மேடம்!” லோகநாதன் கத்தினார். “வந்துடுச்சு! முந்நூத்தி ஒண்ணு, முந்நூத்தி ரெண்டு... ஒரு கை பாக்கியில்லாம இறுகுது! ரத்தச் சிவப்பு! இந்தப் புறநகர்லயே இவ்ளோ சிவப்பை நான் பாத்ததில்ல!”

அறிவுக்கொடி போனைப் பரிமளத்தின் காதில் வைத்தாள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கவனித்தாள். “அப்போ லாரிய நிறுத்துவீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

*

நிறுத்தினார்கள். ஆணையர் கையெழுத்துப் போடவில்லை. ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை செங்கல்மேட்டில் லாரி கிடையாது என்று வெள்ளிக்கிழமையே பலகை வைத்தார்கள். பரிமளம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, திங்கள்கிழமை பலகையைத் தன் கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் லோகநாதன் கூப்பிட்டனுப்பினார். திரையில் புறநகர் முழுக்கப் பச்சைப் புள்ளிகள் மின்னிக்கொண்டிருந்தன.

“என்ன சார் இது?”

“கை தூக்கற இடம் எல்லாம் எங்கன்னு மிஷின்கிட்ட கேட்டேன். பெரிய கோயில், சர்ச்சு, தர்கா எல்லாத்தையும் கழிச்சுட்டேன். நூத்திப் பதினேழு இடம் மிச்சம். ஒண்ணைத் தவிர எல்லாம் ரோட்டோர மாடம், நடுகல், சிலுவை. எல்லாமே நம்ம கணக்குல ரொம்பப் பாதுகாப்பான இடம்.”

“யாராவது செத்த இடத்துலதான சார் மாடமே வைப்பாங்க?”

“ஆமா.” அவர் நாற்காலியில் சாய்ந்தார். “எந்த ஏட்டுலயும் இல்லாத விபத்தையெல்லாம் ஜனங்க ரோட்டுலயே எழுதி வச்சிருக்காங்க. கைய எடுத்து எடுத்து அதைத் தினம் படிச்சுட்டும் இருக்காங்க. நான்தான் அதுமேல பச்சைய அடிச்சுட்டு உக்காந்திருக்கேன்.”

அறிவுக்கொடி திரையை நெருங்கினாள். அவளுக்கு உடம்பெல்லாம் பரபரவென்றிருந்தது. நூற்றுப் பதினேழு! எங்கிருந்து ஆரம்பிப்பது?

“சார், இதோ இந்தப் புள்ளி. வேலங்குட்டை ரோடு. அங்க ஒரு மாடமும் இல்லியே? எங்க சித்தி வீடு அந்தப் பக்கம்தான். நேர் ரோடு, அகல ரோடு. போன வருஷம்தான் புதுசாப் போட்டாங்க.”

“அதான் எனக்கும் இடிக்குது. ஒரு நாளைக்கு முந்நூறு பேர் அங்க கை தூக்கறாங்க. எதுக்குன்னு தெரியல.”

ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. லோகநாதன் ஜீப்பை விட்டுவிட்டு, பன்னிரண்டு வருஷத்துக்கப்புறம் சைக்கிள் ஏறினார். வழி நெடுக ஆட்டம் கண்டது. “நேராப் பாருங்க சார், ஹாண்டில்பாரப் பாக்காதீங்க!” என்று அறிவுக்கொடி கத்திக்கொண்டே வந்தாள்.

வேலங்குட்டை ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது. நடுவே ஒரு மேடு, மேட்டிலிருந்து நீளமான இறக்கம். மரம் இல்லை, மதில் இல்லை, மாடம் இல்லை. ஓரத்தில் புதிதாகப் பதித்த சிமென்ட் கல் மட்டும்தான். இரண்டு பேரும் இறங்கி நின்றார்கள்.

மேட்டிலிருந்து மீன் கூடை கட்டிய சைக்கிளில் ஓர் அம்மாள் இறங்கி வந்தாள். அந்தச் சிமென்ட் கல்லுக்கு நேராக வந்ததும் வலது கையை எடுத்து, வெறும் காற்றைப் பார்த்து, நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

“ஏம்மா! ஏம்மா, நில்லுங்க!” அறிவுக்கொடி ஓடினாள். “எதைக் கும்பிட்டீங்க? இங்க ஒண்ணுமே இல்லியே?”

அந்த அம்மாள் காலை ஊன்றினாள். “இருந்துச்சும்மா. கன்னிமாரு, ஏழு கல்லு. ரோடு அகலம் பண்றேன்னு எடுத்துக்கினு பூட்டாங்க.”

“எடுத்தப்புறமும் கும்பிடறீங்களே?”

“கல்லத்தான எடுத்தாங்க? லாரிய எடுக்கலியே.”

லோகநாதன் மேட்டை அண்ணாந்து பார்த்தார். அறிவுக்கொடி பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தாள்.

“இங்க யாரும்மா செத்தாங்க? உங்களுக்குத் தெரியுமா?”

அந்த அம்மாள் இறங்கி, கூடை சாயாமல் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எந்த வருசத்தக் கேக்கற?”